அப்டேட் ஓடுகிறதா, நின்றுவிட்டதா? கட்டளை வரிக் கருவிகள் வாய் திறக்க வேண்டிய நேரங்கள்

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சன்னலான டெர்மினலைத் திறந்து அப்டேட் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்துகிறோம். கடவுச்சொல் கேட்கிறது, கொடுக்கிறோம். அப்புறம் ஒன்றுமே இல்லை. கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. ஐந்து விநாடி போகிறது, பத்து விநாடி போகிறது, அரை நிமிடமும் ஆகிவிடுகிறது. நெட் போய்விட்டதா, சர்வர் பதில் சொல்லவில்லையா, கருவியே தொங்கிவிட்டதா, இல்லை உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நம் கையில் ஒரு வழியும் இல்லை. கை தானாகவே, ஓடும் கட்டளையை நிறுத்தும் கன்ட்ரோல்-சி பக்கம் போகிறது.

எனக்கு இது ஒருமுறை நன்றாகவே வலித்தது. பழைய மடிக்கணினி, உள்ளே மெதுவாகச் சுற்றும் ஹார்ட் டிஸ்க். அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது, எழுத்துகள் மளமளவென்று மேலே போய்க்கொண்டிருந்தன, திடீரென்று ஒரு வரியில் நின்றது. அந்த வரியில் ஏதோ ஒரு கோப்பின் பெயர், அவ்வளவுதான். நான்கு நிமிடம் பொறுத்தேன். பிறகு தொங்கிவிட்டது என்று முடிவுகட்டி நிறுத்திவிட்டு மறுபடி பூட் செய்தேன். கணினி எழுந்திருக்கவில்லை. பிறகு தேடிப் பார்த்தபோதுதான் புரிந்தது, கணினி எழும்போது முதலில் ஏறுகிற சிறு கோப்பு அமைப்பை அந்த நேரத்தில் அது கட்டிக்கொண்டிருந்தது, வட்டு மெதுவாக இருந்ததால் அவ்வளவு நேரம். கருவி வேலையைச் சரியாகத்தான் செய்தது. ‘இதற்குச் சில நிமிடங்கள் ஆகும், நிறுத்த வேண்டாம்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நானும் காத்திருந்திருப்பேன்.

அதனால்தான் இந்த விஷயத்தை ‘பார்க்க அழகாக இருக்க வேண்டும்’ என்ற கணக்கில் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. அப்டேட் கருவி மௌனமாக இருந்தால் மனிதர்கள் அதைப் பாதியில் வெட்டுவார்கள், பாதியில் வெட்டினால் கணினி பாதி பழசு பாதி புதுசாக நிற்கும். டெபியன் வகை லினக்ஸ் கணினிகளில், மென்பொருளை நிறுவும் டிபிகேஜி என்ற நிரலைப் பற்றி, ‘டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது, நீங்களே இந்தக் கட்டளையை ஓட்டிச் சரிசெய்ய வேண்டும்’ என்ற பொருளில் ஒரு செய்தி வருமே, பலர் அதை வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள். அந்தச் செய்தி வந்த கதைகளில் பலவற்றின் தொடக்கம் இப்படிப் பொறுமை இழந்து அழுத்திய ஒரு கன்ட்ரோல்-சிதான்.

வேகம் வேறு, பதில் வேறு

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒரு வேலை முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது வேகம். நாம் ஒன்றைச் செய்ததும் ‘கேட்டுக்கொண்டேன், செய்துகொண்டிருக்கிறேன்’ என்று கருவி எவ்வளவு சீக்கிரம் காட்டுகிறது என்பது பதில். 300 எம்பி டவுன்லோடை எந்தக் கருவியாலும் நம் இணைப்பைவிட வேகமாக முடிக்க முடியாது, ஆனால் ‘தொடங்கிவிட்டேன்’ என்று கண் இமைக்கும் நேரத்தில் சொல்ல எல்லாக் கருவிகளாலும் முடியும். வேகத்துக்கு நெட், வட்டு, சர்வர் என்று பல பேர் பொறுப்பு. பதிலுக்குக் கருவியை எழுதியவர் மட்டும்தான் பொறுப்பு.

எவ்வளவு சீக்கிரம் என்றால் போதும்? இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1968-இல் ராபர்ட் மில்லர் என்பவர் கணினியோடு மனிதர் உரையாடும்போது எவ்வளவு தாமதத்தைத் தாங்குவார் என்று ஆராய்ந்து எழுதினார், பின்னர் 1993-இல் ஜேக்கப் நீல்சன் அதையே மூன்று எல்லைகளாகச் சுருக்கித் தந்தார்: 0.1 விநாடி, 1 விநாடி, 10 விநாடி. 0.1 விநாடிக்குள் ஏதாவது நடந்தால் உடனே நடந்ததாகவே மனம் எடுத்துக்கொள்ளும். 1 விநாடி வரை தாமதம் தெரியும், ஆனால் எண்ண ஓட்டம் அறுபடாது. 10 விநாடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும், அங்கே எவ்வளவு முடிந்தது, எவ்வளவு பாக்கி என்று காட்டாமல் ஆளைப் பிடித்துவைக்க முடியாது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் இந்தக் கணக்கு மாறவில்லை, ஏனென்றால் அது கணினியின் வேகத்தை வைத்துப் போட்டதல்ல, மனித மனத்தை வைத்துப் போட்டது.

அப்டேட் கருவிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், என்டர் அழுத்திய 0.1 விநாடிக்குள் ஒரு வரியாவது திரையில் வர வேண்டும். நெட்டைத் தொடுவதற்கு முன்னாலேயே, கோப்புகளைப் படிப்பதற்கு முன்னாலேயே வர வேண்டும். நிறையக் கருவிகள் இங்கேதான் சறுக்குகின்றன: முதலில் சர்வரிடம் பேசிவிட்டு, பதில் வந்ததும் ‘சர்வரிடம் பேசுகிறேன்’ என்று அச்சிடுகின்றன. வரிசையை மாற்றினால் போதும், ஒரு விநாடி கூட வேகம் கூடாமலேயே கருவி சுறுசுறுப்பானதாகத் தெரியும்.

உள்ளே என்னதான் நடக்கிறது

‘அப்டேட்’ என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர அது ஒரே வேலை இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு தொகுப்பாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும், அந்தத் தொகுப்புகளின் பட்டியலைச் சர்வர்களிலிருந்து கொண்டுவர வேண்டும். எந்தத் தொகுப்புக்கு எது தேவை, எது எதோடு ஒத்துப்போகாது என்று கணக்குப் போட வேண்டும். டவுன்லோட் செய்ய வேண்டும், வந்தது சரியானதுதானா என்று கையொப்பத்தையும் சரிபார்ப்பு எண்ணையும் பார்க்க வேண்டும். பிரித்து வட்டில் எழுத வேண்டும். ஒவ்வொரு தொகுப்பும் கூடவே கொண்டுவரும் அமைப்பு ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும். கடைசியில், உதவிப் பக்கங்களின் அட்டவணை, பூட் கோப்பு போன்ற பொதுவான சிலவற்றைப் புதுப்பிக்க வேண்டும்.

இவற்றில் எதை அளக்க முடியும், எதை முடியாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டவுன்லோடை நேர்மையாக அளக்கலாம், ஏனென்றால் தொகுப்புப் பட்டியலிலேயே ஒவ்வொரு கோப்பின் அளவும் எழுதியிருக்கும். 312 எம்பியில் 78 எம்பி வந்திருந்தால் 25% என்பது பொய்யில்லை. ஆனால் சார்புகளை, அதாவது எதற்கு எது தேவை என்பதைக் கணக்கிடும் கட்டம் அப்படி இல்லை, எப்போது முடியும் என்று கருவிக்கே முன்கூட்டித் தெரியாது. அமைப்பு ஸ்கிரிப்ட் இன்னும் மோசம், அதற்குள் தொகுப்பை உருவாக்கியவர் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

எத்தனை முடிந்தது என்று தெரிந்தால் சதவீதம் காட்டுங்கள், தெரியாவிட்டால் சுழலும் குறியும் கழிந்த விநாடியும் காட்டுங்கள். தெரியாததற்குச் சதவீதம் கற்பித்துப் போடாதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஒரு தடவை பொய்ச் சதவீதத்தைப் பார்த்த பயனர் அப்புறம் உண்மைச் சதவீதத்தையும் நம்புவதில்லை.

முன்னேற்றப் பட்டை வேண்டுமா வேண்டாமா என்பது 1985-இலேயே பிராட் மையர்ஸ் ஆராய்ந்த கேள்வி. பட்டை இருப்பதையே மக்கள் விரும்புகிறார்கள் என்று அவர் காட்டினார். இத்தனை காலத்துக்குப் பிறகும் நம்மை எரிச்சலூட்டுவது, பட்டை இருந்தும் அது 97%-இல் போய் உட்கார்ந்துகொள்வதுதான். அது ஏன் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். 40 தொகுப்புகள் இருக்கின்றன என்று வையுங்கள். 39 சிறியவை, ஒவ்வொன்றும் அரை விநாடி. ஒன்று மட்டும் இயங்குதளத்தின் மையமான கெர்னல், அதற்கு 90 விநாடி. கருவி தொகுப்புகளை எண்ணிச் சதவீதம் போட்டால், 20 விநாடிக்குள் பட்டை 97%-க்குப் பாய்ந்துவிடும், பிறகு ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கும். பட்டை சொல்வது பொய்யில்லை, 40-இல் 39 முடிந்துதான் இருக்கிறது. ஆனால் பயனர் கேட்டது ‘எத்தனை தொகுப்பு?’ என்று இல்லை, ‘இன்னும் எவ்வளவு நேரம்?’ என்றுதான் கேட்டார்.

கெர்னலை முதலில் வைத்தால் என்ன என்று தோன்றும். முடிகிற இடத்தில் அது நல்ல யோசனைதான். 2007-இல் கிறிஸ் ஹாரிசனும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வில், முதலில் மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் வேகம் எடுக்கும் பட்டைகள் அதே நேரத்தை எடுத்துக்கொண்டாலும் வேகமானவையாக உணரப்பட்டன. ஆனால் எந்தத் தொகுப்பை முதலில் நிறுவலாம் என்பதைச் சார்புகள் தீர்மானிக்கின்றன, அழகுக்காக அதை மாற்ற முடியாது. அங்கே செய்யக்கூடியது ஒன்றுதான்: நிற்கிற இடத்தில் ஏன் நிற்கிறது என்று சொல்வது. இதோ இப்படி:

அமைக்கப்படுகிறது 40/40: கெர்னல்
  பூட் கோப்பு உருவாகிறது, மெதுவான வட்டில் 2–3 நிமிடம் ஆகலாம் (47 விநாடி ஆகிறது)

அந்த ‘47 விநாடி’ ஒவ்வொரு விநாடியும் 48, 49 என்று ஏற வேண்டும். ஏறும் எண் ஒன்று இருந்தால் கருவி உயிரோடு இருக்கிறது என்று பயனருக்குத் தெரிகிறது, அதற்கு மேல் அவர் கேட்பதும் இல்லை.

எழுதிய புள்ளி திரைக்கு வராத மர்மம்

புதிதாக எழுதுகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் விழும் குழி இது, எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒவ்வொரு கோப்பு முடிந்ததும் ஒரு புள்ளி அச்சிடுகிற மாதிரி ஒரு சிறு நிரல் எழுதுகிறீர்கள். ஓட்டுகிறீர்கள். ஒரு புள்ளியும் வரவில்லை. முப்பது விநாடி கழித்து எல்லாம் முடிந்ததும் எல்லாப் புள்ளிகளும் மொத்தமாக ஒரே வரியில் வந்து விழுகின்றன. நிரலில் தவறே இல்லை, ஆனால் நீங்கள் அதை எதற்காக எழுதினீர்களோ அது நடக்கவில்லை.

காரணம் பஃபர். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக இயங்குதளத்திடம் கொடுப்பது செலவு பிடித்த வேலை, அதனால் நிரல்மொழியின் நூலகம் அவற்றை ஒரு குடத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக ஊற்றும். வெளியீடு டெர்மினலுக்குப் போனால் பொதுவாக ஒரு வரி முடிந்ததும் ஊற்றும். வெளியீடு ஒரு கோப்புக்கோ இன்னொரு நிரலுக்கோ போனால் சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை காத்திருக்கும். உங்கள் புள்ளிக்குப் பின்னால் வரி முடிவு இல்லை, அதனால் அது குடத்திலேயே கிடக்கிறது.

தீர்வு சுலபம்: புள்ளியை எழுதியதும் ‘இப்போதே ஊற்று’ என்று சொல்ல வேண்டும், அதற்குப் பெயர் ஃப்ளஷ். பைத்தானில் பிரிண்ட் செயற்கூற்றிலேயே அதற்கு ஒரு தேர்வு உண்டு, சி மொழியில் அதற்கென்று தனிச் செயற்கூறு உண்டு. பிழைச் செய்திகளுக்கென்று இருக்கும் இரண்டாவது வெளியீட்டு வழி சி மொழியில் பஃபர் இல்லாமலேயே வேலை செய்யும், பல கருவிகள் முன்னேற்றத்தை அந்த வழியில் அனுப்புவதற்கு இதுவும் ஒரு வசதி. இன்னொரு காரணம் அதைவிட முக்கியம், அதைச் சற்றுக் கழித்துச் சொல்கிறேன்.

கருவி இன்னொரு கருவியை அழைக்கும்போது இதே சிக்கல் வேறு உருவத்தில் வரும். உங்கள் ஸ்கிரிப்ட், கணினியின் தொகுப்பு மேலாளரை உள்ளே ஓட்டி அதன் வெளியீட்டைப் பிடித்து அழகுபடுத்திக் காட்டுகிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பது ‘நான் டெர்மினலோடு பேசவில்லை’ என்று உணர்ந்து குடத்தில் சேர்க்கத் தொடங்கிவிடும், நீங்கள் எவ்வளவு ஃப்ளஷ் செய்தாலும் உங்களிடமே எதுவும் வந்து சேராது. ‘நேரடியாக ஓட்டினால் நன்றாகத் தெரிகிறது, ஸ்கிரிப்ட் வழியே ஓட்டினால் ஊமையாகிவிடுகிறது’ என்ற புகார் வந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

ஒரே வரியில் மாறிக்கொண்டே இருக்கும் எண்

சதவீதம் 1, 2, 3 என்று ஒரே இடத்தில் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் பெரிய வித்தை ஏதும் இல்லை. வரியை முடிக்கும் குறிக்குப் பதிலாக ‘வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு’ என்ற குறியை அனுப்பினால் கர்சர் இடது ஓரத்துக்குப் போகும், அடுத்து எழுதுவது பழையதன் மேலேயே விழும். தட்டச்சுப் பொறியில் தாள் இருக்கும் வண்டியைக் கையால் தள்ளித் தொடக்கத்துக்குக் கொண்டுபோவோமே, அதே செயலின் நினைவுதான் அந்தக் குறி.

அதில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. முந்தைய வரி நீளமாகவும் புதிய வரி குட்டையாகவும் இருந்தால் பழைய வால் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் எழுதுவதற்கு முன் வரியின் மீதியை அழிக்கச் சொல்லும் குறியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். சன்னல் குறுகலாக இருந்தால் வரி மடிந்து இரண்டாகிவிடும், அப்போது ‘தொடக்கம்’ என்பது இரண்டாவது வரியின் தொடக்கம்தான், பட்டை ஒவ்வொரு முறையும் புது வரியாகக் கொட்டிக்கொண்டே போகும். சன்னலின் அகலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்குள் அடங்கும்படி வெட்டி எழுதுவது அவசியம்.

அகலம் என்றதும் தமிழில் செய்தி காட்ட நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று நினைவுக்கு வருகிறது. கருவி தமிழில் செய்தி காட்டினால் எழுத்துகளை எண்ணுவதே தடுமாறும். ‘தொகுப்பு’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, யூனிகோடு குறிகளாக எண்ணினால் எட்டு, யூடிஎஃப்-8 பைட்டுகளாக எண்ணினால் 24. டெர்மினலில் அது எத்தனை கட்டம் பிடிக்கும் என்பது இந்த மூன்றில் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய கருவியில் தமிழ்ச் செய்தியைப் போட்டால் பட்டை கோணிக்கொள்வதற்குக் காரணம் இதுதான். தமிழ்ச் சொல்லை வரியின் கடைசியில் வைத்து, எண்ணையும் பட்டையையும் முன்னால் வைத்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம்.

பார்ப்பது மனிதரா, இன்னொரு நிரலா?

அப்டேட் கருவிகளைக் கையால் மட்டும் ஓட்டுவதில்லை. இரவில் தானாக ஓடும், வெளியீடு ஒரு பதிவுக் கோப்புக்குப் போகும். அப்போது அந்தத் திரும்பும் குறிகள் எல்லாம் கோப்புக்குள் ஆயிரக்கணக்கில் குவிந்து, காலையில் திறந்து பார்ப்பவருக்குத் தலை சுற்றும். எனவே கருவி முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியது: எதிரில் இருப்பது டெர்மினலா? இதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரு செயற்கூறு இருக்கிறது. டெர்மினல் என்றால் பட்டை, நிறம் எல்லாம் காட்டலாம். இல்லை என்றால் கட்டத்துக்கு ஒரு வரி, முடிந்தால் நேரத்தோடு. கோப்புகளை டவுன்லோட் செய்யும் டபிள்யூகெட் இதைப் பல காலமாகச் செய்கிறது: திரையில் பட்டை, கோப்புக்குப் போனால் புள்ளி வரிசை.

இரண்டாவது வெளியீட்டு வழிக்கான முக்கியக் காரணம் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. இணையத்திலிருந்து தரவை எடுக்கும் கர்ல் என்ற கருவி கொண்டுவரும் தரவு முதல் வழியில் போகும், எவ்வளவு வந்தது என்ற கணக்கு இரண்டாம் வழியில் போகும். தரவை நீங்கள் இன்னொரு நிரலுக்குள் ஊற்றினாலும் முன்னேற்றக் கணக்கு அதில் கலக்காது. நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ கருவியும் முன்னேற்றத்தை இரண்டாம் வழியில்தான் அனுப்புகிறது, அதுவும் எதிரில் டெர்மினல் இருந்தால் மட்டும். தவிர சில வேலைகளில் உடனே பட்டையைக் காட்டாமல் ஓரிரு விநாடி பொறுத்துப் பார்க்கிறது. அதற்குள் வேலை முடிந்துவிட்டால் பட்டையே தேவையில்லை. மின்னலாக வந்து மறையும் பட்டை கண்ணை உறுத்துமே ஒழிய ஒன்றும் சொல்லாது, அதனால் இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று.

பட்டைக்கும் செலவு உண்டு என்பதை மறக்கக் கூடாது. 2016-இல், ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் கருவியில் முன்னேற்றப் பட்டையை அணைத்தாலே நிறுவல் கண்கூடாக வேகமாகிறது என்று பயனர்கள் கண்டுபிடித்தார்கள், பிறகு அது சரிசெய்யப்பட்டது. ஒவ்வொரு சிறு நிகழ்வுக்கும் பட்டையைத் திரும்ப வரைந்தால் இப்படித்தான் ஆகும், வேலையைக் காட்டுவதே வேலையாகிவிடும். மனிதக் கண்ணுக்கு விநாடிக்குப் பத்து முறைக்கு மேல் எண் மாற வேண்டிய தேவையே இல்லை. நிகழ்வுக்கு ஒருமுறை வரையாமல் கடிகாரத்தைப் பார்த்து வரைந்தால் இந்தப் பிரச்சினையே வராது.

காத்திருக்கிறோம் என்றால், யாருக்காக?

பூட்டு விஷயம் தெரியுமா? ஒரே நேரத்தில் இரண்டு பேர் தொகுப்புகளை மாற்றினால் குழப்பமாகிவிடும் என்று, அப்டேட் கருவி ஒரு கோப்பைப் பூட்டிக்கொள்ளும். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடும்போது நீங்கள் ஒரு கட்டளை கொடுத்தால் பூட்டு கிடைக்காது. பழைய நாட்களில் டெபியனின் தொகுப்பு மேலாளரான ஆப்ட் அந்த இடத்தில் ‘பூட்டு கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டு வெளியேறிவிடும், பாவம் பயனர் இணையத்தில் தேடிப் பூட்டுக் கோப்பையே அழித்துவிட்டு மேலும் சிக்கலில் மாட்டுவார். 2020-இல் வந்த 2.0 பதிப்புக் காலத்திலிருந்து அது காத்திருக்கக் கற்றுக்கொண்டது. காத்திருப்பதை மௌனமாகச் செய்யாமல், பூட்டை வைத்திருக்கும் ப்ராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எண், பெயர், எத்தனை விநாடியாகக் காத்திருக்கிறோம் என்பதையும் காட்டுகிறது. இந்த ஒரே வரியில் யார், ஏன், எவ்வளவு நேரம் மூன்றும் இருக்கின்றன. இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

நெட் விஷயத்திலும் இதே நியாயம்தான். பதிலே சொல்லாத சர்வருடன் இணைய முயன்றால், லினக்ஸ் தன் இயல்பான அமைப்பில் சுமார் 130 விநாடி முயன்ற பிறகுதான் கைவிடும். இரண்டு நிமிடத்துக்கு மேல் மௌனம் என்றால் யார் தாங்குவார்? கருவி தன் சொந்தக் கால எல்லையை வைத்துக்கொண்டு, எந்தச் சர்வர், எத்தனையாவது முயற்சி என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். ‘இணைகிறது…’ என்று மட்டும் போடாதீர்கள், எதோடு என்று பெயரையும் போடுங்கள். பெயரைப் பார்த்ததுமே பாதிப் பேர் தங்கள் தவறைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கன்ட்ரோல்-சி அழுத்தினால்

டவுன்லோட் நடக்கும்போது நிறுத்தினால் பாதகமில்லை, வந்தவரைக்கும் வைத்துக்கொண்டு அடுத்த முறை தொடரலாம். வட்டில் எழுதும்போது நிறுத்துவதுதான் ஆபத்து. பயனருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, கருவிக்குத் தெரியும், எனவே சொல்ல வேண்டியது கருவிதான். முதல் அழுத்தலுக்கு உடனே, அதே 0.1 விநாடிக்குள், ஒரு பதில் வர வேண்டும்:

நிறுத்தச் சொன்னீர்கள். இந்தத் தொகுப்பை முடித்துவிட்டு நிற்கிறேன் (சுமார் 10 விநாடி).
மீண்டும் அழுத்தினால் உடனே நிற்கும், ஆனால் தொகுப்பு பாதியில் கிடக்கும்.

உடனே பதில் வராவிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும், நான்கைந்து முறை அடுத்தடுத்து அழுத்துவார்கள், அதன் பிறகு சன்னலையே மூடுவார்கள். தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியே ஓட்டும்போது இணைப்பு அறுந்தாலும் இதே கதிதான், உபுண்டுவின் பதிப்பு மாற்றும் கருவி ஸ்கிரீன் என்ற நிரலுக்குள் தன்னை வைத்துக்கொண்டு ஓடுவது அதற்காகத்தான்: இணைப்பு போனாலும் வேலை தொடரும், திரும்ப வந்து விட்ட இடத்தில் பார்க்கலாம்.

நின்ற பிறகு கருவி திருப்பித் தரும் எண்ணும் ஒரு வகைப் பதில்தான், மனிதருக்கு இல்லை, ஸ்கிரிப்டுக்கு. எல்லாம் நலமாக முடிந்தால் 0. கன்ட்ரோல்-சியால் நின்றால், கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் மரபுப்படி 130, அதாவது 128-உடன் கன்ட்ரோல்-சி அனுப்பும் சைகையின் எண்ணான 2. பிழை நடந்தும் 0 திருப்பித் தரும் அப்டேட் ஸ்கிரிப்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவற்றை நம்பி இரவில் தானாக ஓடவிடுவது மிகவும் ஆபத்தானது.

முடிவில் ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். எத்தனை மாறியது, எது மாறவில்லை, ஏன், மறுபடி பூட் செய்ய வேண்டுமா என்பது கடைசி மூன்று நான்கு வரிகளில் இருக்க வேண்டும், ஏனென்றால் எழுந்து போய்விட்டுத் திரும்பி வருகிறவர் கண்ணில் படுவது அந்தக் கடைசி வரிகள் மட்டும்தான். நடுவில் வந்த எச்சரிக்கை ஒன்று ஐந்நூறு வரிக்கு மேலே மறைந்திருந்தால் அதைத் திரும்பவும் கடைசியில் சொல்லுங்கள். 2025-இல் வந்த ஆப்ட் 3.0 நிறுவப்படுபவை, நீக்கப்படுபவை என்று தனித்தனியாகப் பிரித்து, நீக்கப்படுபவற்றைச் சிவப்பில் காட்டுகிறது. ‘சரி’ என்று தட்டும் முன் கண் அங்கே போய் நிற்க அது உதவுகிறது. நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லிவிடக் கூடாது என்பதும் உண்மை, நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள், நிறமே காட்டாத டெர்மினல்களும் இருக்கின்றன, அதனால் சொல்லும் கூடவே இருக்க வேண்டும்.

உங்கள் கருவி எப்படி என்று பார்க்க ஒரு மாலைப் பொழுது போதும். நெட்டைத் துண்டித்துவிட்டு ஓட்டுங்கள், அப்புறம் டவுன்லோட் பாதியில் இருக்கும்போது துண்டியுங்கள். வெளியீட்டை ஒரு கோப்புக்கு அனுப்பி அந்தக் கோப்பைத் திறந்து படியுங்கள். சன்னலை உள்ளங்கை அகலத்துக்குச் சுருக்குங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கன்ட்ரோல்-சி அழுத்திப் பாருங்கள். கையில் இருப்பதிலேயே பழைய, மெதுவான கணினியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், புதுக் கணினியில் மூன்று விநாடியில் முடிகிற வேலை அங்கே மூன்று நிமிடம் ஆகும்போதுதான் எந்தெந்த இடத்தில் கருவி வாய் மூடி நிற்கிறது என்பது தெரியும். ஐந்து விநாடிக்கு மேல் திரையில் ஒன்றும் மாறாத ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, முதல் இடத்திலிருந்து தொடங்குங்கள்: அந்த வேலைக்கு முன்னால் ஒரு வரி, உடனே ஒரு ஃப்ளஷ்.